கருந்துளையும் பழுதான போன்களும்

விடுமுறைக்கு எங்கள் ஊரான உருத்திரபுரம் வந்தேனென்றால், உறவுக்காரருக்கு முன்னரே பழுதான போன்கள் வந்துவிடும். திரை உடைந்தது, சார்ஜ் ஏறாதது, கிணற்றில் விழுந்து எழும்பியது என்று வகைவகையாக வரும். எல்லாம் அம்மாவின் வேலை! மகள் பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யார் கேட்டாலும் "கொம்பியூட்டர்" என்று சொல்லிவிடுவார். நான் ஆராய்வது கருந்துளைகளை. அதைச் சொன்னால் "அதென்ன அது?" என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. எனக்கோ ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்தும். இத்தனை வருடப் படிப்பு பெற்ற தாயின் வாயில் ஒருமுறையாவது வர வேண்டாமா?

போன சிறுபோக நெல் விதைப்புக் காலத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை வந்த காலை, நானும் அம்மாவோடு போனேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் குழாயின் வாயில் சுழன்றுகொண்டிருந்தது. விடுவேனா?

"அம்மா, அந்த வைக்கோல் துண்டைப் பாருங்கோ. நேரை உள்ளுக்கை போகுதோ?"

"இல்லை, சுத்துது."

"கருந்துளையைச் சுத்தியும் இப்பிடித்தான். கிட்ட வாற வாயு சுத்திச் சுத்தி, ஒண்டோடை ஒண்டு உரசி, சுத்திற தெம்பை இழந்துதான் உள்ளுக்கை விழும். உரசிற சூட்டிலை மினுங்கும். கருந்துளை தெரியாது, அந்த வெளிச்சம்தான் எங்களுக்குத் தெரியும்."

"ஓம், ஓம். வரம்பு உடையப்போகுது, அங்காலை நில்லு."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கிழமை அந்தக் கதையே எடுக்கவில்லை.

பிறகு அறுவடைக்கு வந்தேன். நெல் வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கி, பின்னால் வைக்கோலை வீசிக்கொண்டு போனது. தூசிக்குள் நின்ற அம்மா திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உன்ரை கருந்துளை வாறதெல்லாத்தையும் விழுங்குமோ? இல்லாட்டி உந்த மெசின் மாதிரி வெளியிலையும் வீசுமோ?"

நான் வாயைப் பிளந்துவிட்டேன். "வீசும் அம்மா! விழமுதலே கனக்க வெளியிலை போயிடும். சிலது மேலையும் கீழையும் பீச்சியடிக்கும்."

"அப்ப பக்கத்திலை இருக்கிறதுகளின்ரை பாடு?"

"புது நட்சத்திரம் பிறக்கிறதையே குழப்பிவிடும்."

"பொல்லாத சாமான்தான். அண்டைக்குத் தொடக்கம் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி ஒரு போனோடு வந்தார். அம்மா வாசல் படலையிலேயே மறித்துவிட்டார்.

"உதை இவள் திருத்தமாட்டாள். இவள் பாக்கிறது கருந்துளை. அதுக்குள்ளை விழப்போறது எப்பிடிச் சூடேறி மினுங்குது, எவ்வளவு வெளியிலை வீசப்படுகுது எண்டு பாக்கிறாள்."

"கொம்பியூட்டர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அப்ப எனக்கு விளங்கேல்லை."

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.