ஹோல்டில் நின்ற கார்

ஸ்ரீநிவாசராகவன் சார் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் அவர் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் அவர் வேலை. லைனிலிருந்து இறங்கும் வண்டியில் துளிக் குறை இருந்தாலும் ‘ஹோல்டு’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரங்கட்டிவிடுவார். அவர் சொல்லாமல் எதுவும் கேட்டைத் தாண்டாது. ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாக உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஷிப்ட், ஓ.டி. என்று மனைவி பத்மாசினி மாமியை எங்கேயும் கூட்டிப்போகாத மனுஷன், இந்தக் காரில் கோவளம் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவதாக வாய்விட்டுச் சொன்னார். மாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பின் சக்கரங்கள்தான் நேராக இல்லை. தெருநாய் ஓடுவதுபோல் வண்டி லேசாக ஒருக்களித்தே ஓடியது. ஸ்ரீபெரும்புதூரில் என்னுடைய அலைன்மெண்ட் கடைக்குக் கொண்டுவந்தார். அந்த வண்டியில் பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் சொருகித்தான் நேராக்க வேண்டும். இடது பக்கம் சரியானால் வலது பக்கம் பிசகும். மல்லுக்கட்டி இரண்டையும் லிமிட்டுக்குள் கொண்டுவந்தேன்.

“முடிஞ்சுது சார். மாமிய இட்டுகினு கெளம்புங்க.”

“லிமிட்டுக்குள்ள இருந்தா போறாது மோகன். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். இப்படியே வெளில விடமாட்டேன்.”

“இது இன்னா உங்க கம்பெனியா சார்? உங்க வூட்டு வண்டி.”

சிரித்துக்கொண்டே தகட்டைக் கழற்றச் சொன்னார்.

அப்புறம் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்றார். அது வந்து சேரவே மாசக்கணக்கில் ஆயிற்று. வந்ததும் பேரிங்கில் ஆட்டம் என்றார். இப்படியே வருஷங்கள் ஓடின. “மோகன், வண்டி ஆயிடுத்தா?” என்று மாமி போன் செய்வார். அடுத்த வாரம் மாமி என்று நானும் புளுகுவேன். இதற்குள் மாமிக்கு முட்டிவலி வந்துவிட்டது. மாடிப்படி ஏறுவதில்லை என்று சாரே ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கடியில் குனிந்துகொண்டார். கையிலிருந்த ஸ்பேனரை வீசலாமா என்றிருந்தது எனக்கு.

போன தை மாதம் ஒருவழியாக இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது. சார் உடனே மாமியை வரச் சொன்னார். மாமி புதுப்புடவை கட்டி, புளியோதரை டப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

சார் கதவைத் திறந்து பிடித்தார். மாமி குனிந்தார். முட்டி மடங்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுக்கப் பார்த்தார், வலியில் முகம் சுருங்கியது. நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கியும் நடக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“டாக்சி வரவைக்கிறேன் மாமி,” என்றேன்.

“டாக்சி எப்பவும்தான் இருந்ததே, மோகன்.”

கதவைப் பிடித்தபடி நின்ற சார் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

“ஏன்னா, கொஞ்சம் கோணலாவே போயிருக்கப்படாதா? அப்போ நேக்குக் கால் மடங்கித்தே.”