மைக் டெஸ்டிங்கில் பாடிய எபிநேசர்

எபிநேசர் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நாவலூர் அலுவலகத்தில், நான் மதியச் சாப்பாட்டைத் திறந்தபோது வந்தது. எங்கள் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த முரளி போன் செய்தான். இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போதே நெஞ்சுவலியாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நாளைக்கு அடக்கம் மச்சான். அண்ணி நம்மள பாடச் சொல்லுது. அவரு எழுதின பாட்டாதான் பாடணுமாம்" என்றான். திறந்த டப்பாவை அப்படியே மூடிவைத்தேன். அதற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை கச்சேரி கேட்டவர்களுக்கு, மேடையின் ஓரத்தில் கிடாரோடு நின்ற ஒல்லியான மனிதரின் முகம் நினைவிருக்கலாம். பெயர் நினைவிருக்காது. பிழைப்புக்கு மறைமலைநகரில் வண்டி உதிரிபாகக் கம்பெனி வேலை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள்ளேயே பாட்டுக் கட்டுவார். எழுதி வைக்கிற வழக்கமே கிடையாது. தன் தெருவின் பறையடியைக் கிடார் தந்தியில் அப்படியே கொண்டுவந்தவர். அவர் வாசித்தால் டிரம்ஸ்காரனான எனக்கு வேலை இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

அந்தப் பாட்டுகளை அவர் எங்கே பாடினார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மைக் டெஸ்டிங்கில். மற்ற குழுக்களில் 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' சொல்வார்கள். எங்கள் குழுவில் எபி அண்ணன் தன் பாட்டைப் பாடுவார். கூட்டம் வந்திருக்காது. நான் டிரம்ஸ் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருப்பேன், முரளி ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். முதல் நாலு வரி முடிந்ததும் சவுண்டு சர்வீஸ்காரர் கையைத் தூக்கிப் போதும் என்பார். அண்ணன் நிறுத்திவிடுவார். பிறகு விடிய விடிய சினிமாப் பாட்டுக்கு வாசிப்பார்.

ஒரே ஒரு தடவை, மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்துத் திருவிழாவில், அவர் பாட்டை நிகழ்ச்சியிலேயே சேர்த்தோம். பாட்டின் பெயர் 'ஏரி கீது'; எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ஏரி இருக்கிறது'. அறிவிப்பாளர் படித்தவர்; நாங்கள் தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்துத் திருத்தி, "அடுத்து, ஏரி கீதம்" என்றார். ஒலிபெருக்கியின் கரகரப்பில் 'கீதம்' மட்டும்தான் கூட்டத்தின் காதில் விழுந்தது. தேசிய கீதம், கச்சேரி முடிந்தது என்று அத்தனை பேரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். அண்ணன் பாடத் தொடங்கினார்.

ஏரி கீது, தண்ணி கீது,
எறங்கத்தான் படி இல்ல.
ஊரு கீது, வூடு கீது,
ஒக்காரத்தான் நேரம் இல்ல.

ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டினார்கள். நான்தான் பதறிப்போய் ஒரு சினிமாக் குத்துப்பாட்டின் தாளத்தை எடுத்தேன். கூட்டம் உட்கார்ந்தது. அண்ணனும் மறுபேச்சில்லாமல் அந்தப் பாட்டுக்கே கிடாரைத் திருப்பினார். வேனில் திரும்பும்போது எல்லோரும் அவரைக் கலாய்த்தோம். அவரும் சிரித்தார்.

"கீதம்னா நின்னுகினு கேக்கணும். கீதுன்னா ஒக்காந்துகினு கேக்கலாம். நான் ஒக்காந்து கேக்கறவனுக்குதான்பா கட்டறேன்" என்றார்.

நாங்கள் ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

அடக்கத்தன்று வாசலில் ஷாமியானா. ஜெபம் முடிந்ததும் போதகர் எங்களைப் பார்த்தார். எலிசபெத் அண்ணி, அழுது ஓய்ந்த குரலில், பக்கத்தில் இருந்தவர்களிடம் எங்களைக் காட்டிச் சொன்னார்:

"வூட்ல அவரு முழுசா பாடினதே இல்ல. கேட்டா, 'மேடையிலதான் பாடிகினு கீறேனே'ன்னுவாரு. இவுங்கல்லாம் கேட்டிருக்காங்க."

முரளி சுருதி எடுத்தான். என் முன்னால் டிரம்ஸ் இல்லை, முழங்காலில் தட்டினேன். 'ஏரி கீது' பாட்டின் நாலு வரியைப் பாடினோம். சவுண்டு சர்வீஸ்காரர் கை தூக்கும் இடம் வந்தது. முரளி என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். மறுபடியும் அதே நாலு வரியைப் பாடினோம். மூன்றாவது தடவை தொடங்க வாய் வரவில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"உங்களுக்கும் தெரியாதா தம்பி?"

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். சவப்பெட்டியை மூடும்போதுகூட அண்ணியின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எபி அண்ணனோடு மேடையேறியவர்களே, உங்களில் யாருக்காவது ஐந்தாவது வரி தெரிந்தால் தயவுசெய்து அண்ணியிடம் போய்ப் பாடுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் மிஞ்சியது நாலு வரியும் அவர் கிடாரின் பறையடியும்தான். அதை என் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுகிறேன். பாட்டு இவ்வளவுதானா என்று அவர்கள் கேட்கும்போது, இல்லை, மீதி இருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை என்று சொல்கிறேன்.