ரெஜினா அக்கா கேட்ட கோப்பி

"அக்காவிட்டச் சொல்லுங்கோ, மட்டன் ரோல்ஸை விட்டிட்டன், பிரஷர் பார்க்க வாறன் எண்டு." டொக்டரைப் பார்க்க டெர்மின், அதாவது நேரம், கேட்டு எடுத்த தொலைபேசியில் இப்படித்தான் பகிடி விட்டேன். வரவேற்பில் இருந்த தமிழ்ப்பிள்ளை சிரிக்கவில்லை. விளங்கவில்லையாக்கும் என்று இன்னொரு தடவை உரத்துச் சொன்னேன். "அங்கிள், டொக்டர் நேற்று இறந்திட்டா" என்றாள். அப்போது என் வாய்க்குள் இருந்தது ரோல்ஸ்தான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஹம்பேர்க்கில் நம் சனத்துக்கு டொக்டர் ரெஜினாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மன்னாரிலிருந்து அகதியாய் வந்து, இங்கே மருத்துவம் படித்து, நம் குடும்ப வைத்தியரானவர். பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றும் நம் சீனி வியாதியை விசாரித்தவர்.

எனக்கு நெஞ்சு இறுகத் தொடங்கிய காலத்தில் அக்கா என்னை இதய நிபுணரிடம் அனுப்பினார். பெரிய டொக்டர் அல்லவா, கல்யாணவீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உணவகச் சமையலறையில் பொறுக்கிய என் ஜெர்மன் வெங்காயம் உரிக்கப் போதும், நெஞ்சைப் பற்றிப் பேசப் போதாது. மகள் மொழிபெயர்க்க வந்தாள். படியேறினால் வலிக்கிறதா என்று நிபுணர் கேட்டார். மகள் என் முகத்தையே பார்த்தாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை.

"ஒண்டுமில்லையாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். நிபுணரும் அப்படியே எழுதி அனுப்பினார்.

அதை வாசித்த அக்கா, என்னோடு வந்திருந்த என் மகளிடம், "பிள்ளை, கீழ கடையில எனக்கொரு கோப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லும். படியேறேக்க?"

"நிண்டு நிண்டுதான் ஏறுறன் அக்கா. இடது கையும் விறைக்குது."

"அங்க ஏன் சொல்லேல்லை?"

"பிள்ளைக்கு முன்னால எப்பிடி அக்கா..."

"அதுதானே. மகளை வைச்சுக் கேட்டா எந்தத் தகப்பன் வாய் திறப்பான்? பிழை உம்மில இல்லை, உம்மை அப்பிடி அனுப்பின என்னில."

உடனே அந்த நிபுணரைத் தொலைபேசியில் பிடித்தார். என்னிடம் தமிழில் கேட்டுக் கேட்டு அவரிடம் ஜெர்மனில் சொன்னார். அங்கிருந்தே என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அடைபட்டிருந்த இரத்தக்குழாயைத் திறந்த பிறகு, "நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்றார் நிபுணர். நான் எங்கே வந்தேன்? அனுப்பப்பட்டேன்.

"நெஞ்சு உம்மடை, டொக்டர்மார் ரெண்டு பேர். நாங்கள் ரெண்டு பேரும் கதைக்காட்டி நடுவில கிடந்து சாகிறது நீர்தான்" என்று அக்கா பிறகு சொன்னார். அதன்பின் நம்மில் யாரை நிபுணரிடம் அனுப்பினாலும், முதலில் தனியே இருத்திக் கேட்பார். பிறகு தானே அங்கே பேசிவிடுவார். நேரம் போகுதெண்டு வெளியே காத்திருந்து முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: இப்போதெல்லாம் வைத்தியர் முன் மகளை வெளியே அனுப்பிவிட்டு, என் வெங்காய ஜெர்மனில் வலிக்கிறது என்றே சொல்கிறேன்.

கடைசியாக அவரைக் கண்டது நத்தார்ப் பண்டிகை கழிந்து. நன்றாக மெலிந்திருந்தார். கதிரையைப் பிடித்துத்தான் எழும்பினார். வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த மகன், அம்மாவின் குளிர்கோட்டோடு பக்கத்தில் நின்றார்.

"அக்கா, உங்களுக்குச் சுகமோ?"

மகனை ஒருதரம் பார்த்தார். "எனக்கென்ன, ஒண்டுமில்லை" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். 'தம்பி, கீழ போய் அம்மாவுக்கு ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வாருமன்' என்பது தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை.