ஏசுபாதம் ஓட்டிய இரண்டு பஸ்கள்

ஏசுபாதத்துக்கு இரண்டு பஸ். ஒன்று, காலை ஐந்து மணிக்குத் திருக்கழுக்குன்றத்தில் கிளம்பி, செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ். இன்னொன்று, வீட்டு மேசைமேல் கம்ப்யூட்டருக்குள் ஓடும் விளையாட்டு பஸ். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன் வீட்டுக்கு வந்தும் அதையே பிடிப்பாரா என்று யாராவது கேட்டால், மனைவி எல்லம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். "மீன் விக்கிறவன் வூட்டுக்கு வந்து மீன் பொம்மய வச்சிகினா வெளாடுவான்?" என்பாள்.

அவருக்கும் அதில் பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது. எதிலும் இல்லை. பத்து வருஷமாகச் சர்க்கரை. மகள் சிநேகா கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு விளையாட்டை இன்டர்நெட்டில் லைவ் போட்டால் முப்பது, நாற்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். எல்லாரும் அவர் பஸ்ஸில் வருகிறவர்கள்தான். காலையில் வாய் பிளந்து தூங்குகிற கூட்டம், சாயங்காலம் திரையில் 'பிரேக்க புடி, ரைட்ல ஒடி' என்று எழுதி அவருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். படித்துக்கொண்டே ஓட்டுவார்.

தொல்லை கம்ப்யூட்டரால் வந்தது. வெறுமனே விளையாடினால் ஓடும். லைவும் சேர்ந்தால் ஒற்றை மாட்டை இரண்டு வண்டிக்குப் பூட்டியதுபோல் திணறும். அதைவிட மோசம், இடப்பக்கம் காலியாக இருக்கும் ரோட்டில் திடீரென்று ஒரு பைக் முளைக்கும், இடிக்கும். "லேக் அண்ணாத்த. படம் லேட்டா வருது. மெஷின மாத்து" என்று தீர்ப்பு எழுதினான் பிரவின்குமார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரன், தொழிற்சாலையில் வெல்டர். அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

செங்கல்பட்டுக் கடை ஒன்றில் ரேமைக் கூட்டினார். அடங்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். அது தின்னும் கரண்டுக்குப் பழைய பவர் பாக்ஸ் தாங்காது என்றார்கள்; அதையும் மாற்றினார். எல்லாவற்றையும் தானே வீட்டில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால், பழைய குருடி கதவைத் திறடி.

மூன்று வாரம் அப்படியே ஓட்டினார். அதற்குள் நிஜ பஸ்ஸிலும் ஒன்று நடந்தது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் எங்கிருந்தோ முளைத்தது. அடித்த பிரேக்கில் தூங்கியவர்கள் எல்லாம் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். "இன்னாய்யா, சந்துலேர்ந்து பாஞ்சி வர்ற?" என்று திட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அந்த இடத்தில் சந்து எதுவும் கிடையாது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரவின்குமார் வீட்டுக்கே வந்தான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தவன், நிமிரும்போது சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்த, கார்ட உள்ள வச்சிட்டு, ஸ்கிரீன் ஒயர பழைய ஓட்டையிலயே சொருகிகினு கீற. மூணு வாரமா கார்டு சும்மா குந்திகினு கீது."

ஒயரைப் பிடுங்கிக் கார்டில் சொருகினான். லைவ் அனுப்பும் வேலையையும் கார்டின் தலையிலேயே கட்டினான். டீ குடித்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். விளையாட்டில் ஒரு கடற்கரை ரோடு உண்டு, மாமல்லபுரம் போகிற ரோடு மாதிரியே இருக்கும். அதில் பஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. 'செம ஸ்மூத்' என்று வரிசையாக எழுதினார்கள். ஒரு வளைவில் இடப்பக்கம் ஆட்டோ ஒன்று முளைத்தது. இடித்தார்.

"பாத்தீங்களா, இன்னும் லேக் போவல" என்றார் மைக்கில்.

'லேக் இல்ல அண்ணாத்த' என்று எழுதினான் பிரவின்குமார். 'ஆட்டோ ரொம்ப நேரமா அங்கதான் நின்னுகினு கீது. நீ வேணும்னு இடிச்சேன்னு நெனச்சோம்.'

ஏசுபாதம் லைவைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். நேராக ரோட்டைப் பார்த்தால் ஆட்டோ இல்லை. கழுத்தைத் திருப்பினால் இருந்தது. மறுபடி நேராகப் பார்த்தார். இல்லை. நாலைந்து முறை பார்த்தார். பயப்பட வேண்டிய நேரம்தான், பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஸ்கூட்டரில் வந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவருக்கு நினைவில்லை.

கண்ணுக்கு வைத்தியம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதெல்லாம் பிறகு. விடிந்தால் ஐந்து மணிக்கு நாற்பது பேர் ஏறுவார்கள். இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அது. 'ஆமா, வேணும்னுதான் இடிச்சேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது.

விளையாட்டு பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"கம்ப்யூட்டர்மேல தப்பு இல்ல. எனக்குத்தான் லெஃப்ட்ல கண்ணு தெரில" என்றார்.

திரையில் சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன. 'கண்ணுக்கும் ஒரு கார்டு போட்டுக்க அண்ணாத்த' என்று ஒருவர் எழுதினார். எல்லம்மாள் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். சிரிப்பெல்லாம் மேலே ஏறிப் போகும்வரை அவர் காத்திருந்தார்.

"வெளாட்டுக்குச் சொல்லல. மேனேஜருக்கு இப்ப போன் பண்ணப்போறேன்" என்றார், நிதானமாக. "ராத்திரிக்குள்ள எனக்கு மனசு மாறுனாலும் மாறும். நாளைக்குக் காலைல நானே வண்டிய எடுத்துகினு வந்து நின்னாலும், யாரும் ஏறாதீங்க."