கூரை மூடிய ஐம்பது நிமிடங்கள்: பழைய பிரித்தானியக் காரில் டோர்செட் போய்வந்த கதை

சென்ற வருடம் ஒக்ரோபர் நடுப்பகுதியில், ஒரு சனிக்கிழமை, நானும் என் மனைவி ஜெசிந்தாவும் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க கனடாவில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து வடக்கே டோர்செட் என்ற சிற்றூருக்குப் போனோம். போனது எழுபதுகளில் செய்த ஒரு பிரித்தானியக் காரில். இரண்டே இருக்கை, துணிக் கூரை, வேண்டுமானால் மடித்துவிட்டுத் திறந்தபடி ஓடலாம். அந்தப் பயணத்தில் ஜெசிந்தா சாவின் வாசல்வரை போய்வந்தாள். காரணம் நான்தான்.

அந்தக் காரை வாங்கியபோது இந்த வலைப்பூவில் படம் போட்டிருந்தேன். “அண்ணை, எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்? எனக்கும் ஒண்டு பாருங்கோ” என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர்களுக்குப் பதில் எழுத ஏழு மாதம் எடுத்துவிட்டது. காரைச் செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஐம்பது வயதுக் காரில் ஓட்டை விழுந்தால் அதைச் செய்தவன் என்ன செய்வான்? குற்றம் அந்த ஓட்டையை ஒட்டியவனுடையது.

முதலில் ஆசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யில்லை. பழைய கொரோலா ஒன்றின் விலைக்கும் குறைவாக, ஆறாயிரத்து இருநூறு டொலருக்கு, பீற்றர்பரோவில் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கார் என்றபடியால் காப்புறுதியும் மலிவு. இருக்கை நிலத்தோடு நிலமாக இருக்கும். அறுபதில் போனாலும் நூற்றிருபதில் போவதுபோல் இருக்கும். சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் சிரித்துக் கை காட்டுவார்கள். முப்பத்தொரு வருடம் இந்த நாட்டில் கார் ஓட்டுகிறேன், என்னைப் பார்த்து ஒருவரும் கை காட்டியதில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மற்றதெல்லாம் யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. மழை பெய்தால் மின்வயர்களுக்குச் சளித் தடிமன் பிடிக்கும், இடது பக்கச் சைகை விளக்கைப் போட்டால் வைப்பர் நிற்கும். ஒயில் ஒழுகாத நாள் என்றால் ஒயில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் நான் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

செப்ரெம்பரில் ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் சுதனிடம் காரைக் கொண்டுபோனேன். அவன் காரை உயர்த்தி, அடியில் நின்று விளக்கைப் பிடித்துக் காட்டினான். புகை போகும் குழாயில், பயணி இருக்கைக்கு நேர் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு மேலே காரின் தரையும் கறள் பிடித்துச் சல்லடையாக இருந்தது. உள்ளே கம்பளம் விரித்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

“அண்ணை, உது வெல்ட் பண்ணவேணும். குழாயும் புதுசு போடவேணும், அது இங்கிலாந்திலயிருந்து வர நாலு கிழமை, ஒரு மாதம் எடுக்கும். அதுவரைக்கும் கூரையை மூடிக்கொண்டு ஓடாதேங்கோ. புகை முழுக்க உள்ளுக்கைதான் வரும்.”

“மண்ணெண்ணெயில மோட்டர்சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள். எங்களுக்கு உது ஒரு ஓட்டையோ?” என்றேன்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடையாது. நாலு துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். அந்தக் காலத்து ஆண்கள் எங்களுக்கு எல்லோருக்கும் ஒரு நோய், ஒரு வருத்தம் இருக்கிறது: எதையும் கம்பியாலும் தகரத்தாலும் சரிக்கட்டலாம் என்ற வருத்தம். வீட்டுக்கு வந்து ஒரு மீன் ரின்னைக் கழுவி, வெட்டி, தகரத்தைக் குழாயில் சுற்றி, பசை பூசி, கம்பியால் இறுக்கினேன். வீட்டு வாசலில் வைத்து ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன், புகை வரவில்லை. படம் எடுத்துச் சுதனுக்கும் அனுப்பினேன். அவன் பதில் போடவில்லை.

இனிப் பயணம். காலை 7:15க்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலை 48 வழியாக வடக்கே போய், கோபோகொங்க் என்ற சிற்றூரில் 35ஐப் பிடித்தால் மிண்டன் தாண்டி டோர்செட். போக 205 கிலோமீற்றர். 404 வேகச்சாலையில் ஏறிப் பிறகு திரும்பலாம், ஆனால் பழைய காரில் வேகச்சாலைக்குப் போகாதீர்கள், லொறிகளின் சில்லு உங்கள் தலைக்கு மேலே சுற்றும். வெப்பநிலை ஏழு பாகை. கூரையைத் திறந்துதான் போனோம். ஜெசிந்தா குளிர்காலக் கோட்டும் தொப்பியும் போட்டு, காலடியில் சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியையும் தேநீர்ப் போத்தலையும் வைத்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் இந்தக் காரில் பொருள் வைக்க வேறு இடமில்லை.

“சனம் பாக்குது. விசர் பிடிச்ச கிழடுகள் எண்டு நினைக்கப்போகுது,” என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கோபோகொங்க்கில் 9:05க்குக் கோப்பி. அதற்கு வடக்கே ஏரிகளும் மேப்பிள் மரங்களும்தான். நிறத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, ஒக்ரோபரில் எல்லோருடைய முகநூலிலும் இருக்கிறது. திறந்த காரில் போகும்போது ஒன்று மட்டும் வித்தியாசம்: மரங்களின் மணம், ஈர இலையின் மணம், யாரோ விறகு எரிக்கும் மணம் எல்லாம் தனித்தனியாக வந்து போகும். டோர்செட்டில் 10:50. கண்காணிப்புக் கோபுரம் நூறு அடி உயரம், படிகள் இரும்புச் சட்டம், இடைவெளியால் கீழே தெரியும். தலைசுற்று உள்ளவர்கள் ஏறவேண்டாம். வாகனத்துக்குப் பத்து டொலர் வாங்கினார்கள், இப்போது கூடியிருக்கலாம். ஜெசிந்தா என்னை முந்திக்கொண்டு உச்சிவரை ஏறினாள். மேலே நின்று, “உதுக்காக வரலாம்தான்” என்றாள். அவள் வாயால் வந்த பாராட்டு என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

திரும்பும்போது மிண்டனில் நின்றோம். நேரம் 3:00. காலையிலிருந்து காரின் அடியிலிருந்து வந்த சத்தம் மாறியிருந்தது. முதலில் கரகரப்பு, பிறகு ஒரு உறுமல். தகரம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். கீழே குனிந்து பார்க்கவில்லை, ஏனென்றால் பார்த்தால் அவள் ஏன் என்று கேட்பாள்.

“எனக்குத் தலை இடிக்குது. உந்தப் புகை மணம் ஒத்துக்கொள்ளேல்லை,” என்றாள்.

“உமக்கு எப்பவும் ஒரு வருத்தம்தான். எங்க போனாலும் ஒரு வருத்தம். வீட்டிலயே இருந்திருக்கலாம்.”

சொல்லிவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெசிந்தாவின் கோபத்தைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்: சண்டை போடமாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். ஒருமுறை நாலு நாள் பேசவில்லை, சோறு மட்டும் மேசையில் வந்து இருந்தது.

3:10க்கு மழை பிடித்தது. வீதிக்கரையில் நிறுத்திக் கூரையை இழுத்து மூடினேன். பின்பக்கம் இருக்கும் பிளாஸ்ரிக் யன்னல் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கூரை மூடிய காரில் பின்னால் இப்படி ஒரு திறப்பு இருந்தால், ஓடும்போது வெளியே போகும் புகையைக் காரே உள்ளே இழுக்கும். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆக, கீழே ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை, நடுவில் நாங்கள்.

முன்கண்ணாடி பனிமூட்டம் போட்டதால் என் பக்கத்து யன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினேன். சிறிது நேரத்தில் அவள் கேட்டாள்:

“இஞ்சருங்கோ, நானும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கட்டே?”

“வேண்டாம். புதுச் சீற், மழை அடிக்கும்.”

இருக்கைகளுக்கு ஓகஸ்ற்றில்தான் புதிய தோல் போட்டிருந்தேன். அதனால் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. தலையைக் கதவுப்பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு நாற்பது கிலோமீற்றர். வார இறுதிக் கூட்டம், முன்னால் வரிசையாகக் கார்கள், வீதித் திருத்த வேலை நடந்த ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்றோம். எனக்கும் நெற்றி இடித்தது. கோபத்தால் என்று நினைத்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் சிவந்து, நன்றாகத் தூங்குவதுபோல் இருந்தாள். குளிர்காற்றில் போனது அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன். பேசாமல் இருந்தால் இருக்கட்டும், நானாகப் பேசப்போவதில்லை என்றும் நினைத்தேன்.

கோபோகொங்க்கில் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தும்போது சரியாக 4:00. சமாதானம் பேச அவளுக்கு ஒரு கோப்பி வாங்கிவந்தேன். வரிசையில் ஐந்து நிமிடம் போயிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் கார் ஸ்ராட்டில் நின்றது, ஏனென்றால் நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ என்று பயம். கதவைத் திறந்து, “இந்தாரும், கோப்பி” என்றேன். இரண்டாம் முறையும் சொன்னேன். தோளைத் தொட்டபோது அவள் தலை மார்பில் விழுந்தது.

நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. பக்கத்தில் பிக்கப் வண்டிக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஓடிவந்தார். ஏரியில் படகு திருத்துபவர். கதவுக்குள் தலையை விட்ட உடனே வெளியே எடுத்து, காரை நிறுத்து என்று கத்தினார். கூரை எவ்வளவு நேரமாக மூடியிருந்தது என்று கேட்டார். ஐம்பது நிமிடம் என்றேன். அவர் அவளை இரண்டு கையாலும் தூக்கி, மழைக்குள் வெறும் சீமெந்தில் கிடத்தினார். மூடிய படகுகளில் இப்படி நடந்து பார்த்திருக்கிறாராம். நான் உதவப் போனேன், என் கால் மடிந்து நானும் விழுந்தேன். புகை எனக்குள்ளும் இருந்தது. யன்னலின் அந்த இரண்டு விரல் இடைவெளிதான் என்னைத் தப்பவைத்தது.

அம்புலன்ஸ் 4:26க்கு வந்தது. அங்கிருந்து மருத்துவமனை, பிறகு ரொறன்ரோவில் உயர் அழுத்தத்தில் ஒட்சிசன் கொடுக்கும் அறை. காபன் மொனொக்சைட் என்றார்கள். அதற்கு மணமே இல்லை. மணத்தது மற்றப் புகை, அது எங்களை எச்சரித்தது, நான் கேட்கவில்லை. மகள் மெலனி வேலையிலிருந்து நேரே வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் இரண்டு மொழியும் கலக்கும்.

“அப்பா, அம்மா பக்கத்திலதானே இருந்தவா. ஹவ் டிட் யூ நொட் நோ? எப்பிடித் தெரியாமப் போச்சு?”

கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன் என்று பதில் சொன்னேன். அந்தக் கேள்விக்கு இதைவிட வெட்கமான பதில் இருக்காது.

இரண்டாம் நாள் ஜெசிந்தா கண் விழித்தாள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். தப்பிவிட்டோம் என்று தேவாலயத்தில் நேர்த்திக்கடன் தீர்த்துப் பூசையும் கொடுத்தோம். மூன்றாவது கிழமையில்தான் மற்றது தொடங்கியது. நஞ்சு போன பிறகும் மூளையில் இப்படிப் பிந்தி வருவதுண்டு என்று வைத்தியர் சொன்னார். நடை தளர்ந்தது. அடுப்பில் வைத்ததை மறந்தாள். பதினேழு வருடம் கணக்கெழுத்தராக வேலை செய்தவள், வேலையை விட்டுவிட்டாள். கொஞ்சம் தேறும், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்கிறார்கள். இது மே மாதம். கொஞ்சம்தான் தேறியிருக்கிறது.

காரை விற்க விளம்பரம் போட்டேன். யூனியன்வில்லில் இருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். ஓட்டையைக் காட்டி, நடந்ததை முழுவதும் சொன்னேன். “உது பரவாயில்லை அண்ணை, நான் ஒட்டிப்போடுவன்,” என்றார். அன்றைக்கே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் காரைக் கொடுத்துவிட்டேன்.

பதினொரு பேருக்கும் சொல்கிறேன். வாங்கவே வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானும் கேட்டிருக்கமாட்டேன். வாங்கினால், காசு கொடுக்கமுன் காரை உயர்த்தி, கம்பளத்தை உரித்துத் தரையைப் பாருங்கள். புகைக்குழாயில் ஓட்டை என்றால் வெல்டிங்தான், தகரம் இல்லை. பின்யன்னல் கிழிந்திருந்தால் கூரையை மூடி ஓடாதீர்கள், நனைந்துகொண்டு வாருங்கள். மின்கலத்தில் வேலைசெய்யும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்று நாற்பது டொலர், அதைக் காருக்குள் வையுங்கள். தலை இடித்தால் நிறுத்தி இறங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் பேசாமல் வந்தால், கோபமென்று நீங்களே முடிவு கட்டாமல் தட்டிக் கேளுங்கள். கோபம்தான் என்றால் ஏச்சு விழும், அவ்வளவுதானே.

யன்னலைத் திறக்க வேண்டாம் என்று நான் சொன்னதை ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டேன். அந்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை. “நான் கேட்டனானே?” என்றாள். ஓம் என்றேன். “சரி, விடுங்கோ,” என்றாள். பழைய ஜெசிந்தா என்றால் என்னோடு ஒரு மாதம் பேசியிருக்கமாட்டாள். அந்த ஒரு மாதத்துக்காக நான் ஏங்குகிறேன்.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் நீண்ட நேரம் தூங்குகிறாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடிவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்த் தோளைத் தட்டுகிறேன். அவள் ஏசுவதில்லை, ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்பதுமில்லை. கண்ணைத் திறக்காமலே, “ஓம், இருக்கிறன்” என்கிறாள்.