ஜெபத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

என் மனைவி பெமிலாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கிற வேலையா அது? வயதானவர்களுக்கு வருகிற மனச்சோர்வைப் பற்றி ஒரு கல்லூரி ஆராய்ச்சி நடத்துகிறது. அதற்காக இவள் வீடு வீடாகப் போய் அறுபதைத் தாண்டியவர்களிடம் கேள்வி கேட்பாள். தூக்கம் வருகிறதா, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, பிடித்த காரியங்களைச் செய்வதை விட்டுவிட்டீர்களா என்று. "கெழடுவகிட்ட போய் அழுவுதியளான்னு கேக்கதுக்கும் ஒரு படிப்பா?" என்று என் அண்ணன் கேட்டான். அவனோடு நான் இப்போது பேசுவதில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று வையுங்கள்.

பெமிலா உபதேசியார் மகள்; சபை வீடுகளுக்குப் போய் ஜெபிப்பது அவர் ஊழியம். அருமனைப் பக்கம் அவள் அப்பாவைத் தெரியாத சபையே கிடையாது. அவள் படியேறினாலே, "நம்ம உபதேசியாருக்க மகளா? இரி மக்கா. மொதல்ல ஒரு ஜெபம் பண்ணு" என்பார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் அப்படித்தான். வந்தவர் ஜெபிக்காமல் எழுந்து போனால் ஏதோ கோபம் என்று அர்த்தம். இவளும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துவிட்டுத்தான் கேள்விகளை ஆரம்பிப்பாள். அப்பா செய்ததைத்தானே மகளும் செய்வாள், இதில் என்ன தப்பு என்று நானும் நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான், அருமனையில ஒருத்தருக்கும் ஒரு சங்கடமும் இல்லியாம். எல்லாருக்கும் எல்லாம் சுகமாம். எனக்குப் பயமா இருக்கு."

"ஏட்டி, சங்கடம் இல்லன்னா சந்தோஷம்தானே படணும்?"

"மயிலாடியில சொர்ணம்மாள் அக்கா எனக்க கையைப் பிடிச்சிட்டு அழுதா. நாராயணபெருமாள் மாமா ஒறக்கமே இல்லன்னு சொன்னாரு. அவியெல்லாம் நம்ம சபை இல்ல, ஆனாலும் காப்பி தந்தாவ, மனசில உள்ளதைச் சொன்னாவ. நம்ம ஆளுவதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ."

அன்றைக்கு வரும்போது அவள் கையில் ஒரு கறுத்த கோழியும் இருந்தது. தேவகுமார் மாமா கட்டாயப்படுத்திக் கொடுத்தாராம். அவர் பழைய பஸ் கண்டக்டர். மனைவி போன வருஷம் இறந்துபோனார். மகன் ரெனிஷ் குவைத்தில். ரப்பர் தோட்டத்து ஓரமாக ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். பெமிலா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், "கர்த்தருக்க கிருபையில சுகம் மக்கா" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கு நல்ல கொழம்பு வச்சிருலாம்" என்றேன். முறைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அந்தக் கோழி எங்கள் விறகுக் குவியலுக்குள் முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது. பெமிலா முட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். 

"அத்தான், இது முட்ட இடுத கோழியாக்கும்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் விருந்தாளிக்குச் சேவலைப் பிடித்துக் கொடுப்பார்கள். முட்டையிடுகிற கோழியைச் சொந்தத் தங்கைக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"நேத்து அவருக்க கூடு தெறந்து கெடந்துது. உள்ள ஒரு கோழியும் இல்ல. அந்த மாமி போன பொறவு அவருக்கு அந்தக் கோழியள்தான் எல்லாம். ஆசையா வளத்ததை எல்லாம் ஒருத்தர் தூக்கிக் குடுத்தா பயப்படணும்னு எங்களுக்குச் சொல்லித் தந்திருக்காவ. நான் பாத்திட்டுச் சும்மா வந்திட்டேன் அத்தான்."

தேவகுமாரின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். போனை அணைத்து வைத்திருந்தார். மறுபடியும் கூப்பிட்டாள், அதேதான். நான் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தேன். வாயை மட்டும் சும்மா வைத்திருக்க முடியவில்லை. "அங்க போய் அந்த ஆளு பழங்கஞ்சி குடிச்சிட்டு இருந்தாருன்னா நாணக்கேடு ஆயிரும், கேட்டியா?" என்றேன். அவள் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. வழி நெடுக நான் லாரிக்காரனைத் திட்டினேன், ரோட்டைத் திட்டினேன், பஞ்சாயத்தைத் திட்டினேன். பயந்தால் எனக்கு அப்படித்தான். அந்த மனிதர் பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு லிஜா குடையோடு ஓடி வந்தாள்.

"சர்ச்சுக்குப் போறேன்னு காலையிலயே எறங்கினாரு. சாவியை எனக்க கையில தந்தாரு. சனிக்கெழம என்ன சர்ச்சுன்னு நானும் கேக்கல்ல. எங்களுக்கும் ஒரு கோழி தந்தாரு அக்கா. இந்த வரிசையில எல்லா வீட்டுக்கும் தந்தாரு."

பெமிலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.  சர்ச்சுக்குப் போனோம். பூட்டு. கல்லறைத் தோட்டத்தில் மழையைத் தவிர யாரும் இல்லை. குளத்தங்கரைக்குப் போனோம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கரை நெடுக நடந்தேன்; என்ன தேடுகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. திரும்பி முக்குக்கு வந்தோம். அங்கே பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார் தேவகுமார். வெள்ளை வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இவரைப் பார்த்து, ஏறுகிறீர்களா என்று கையசைத்தார். இவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. காலையிலிருந்து எத்தனை பஸ்ஸை இப்படி விட்டாரோ! எனக்கு அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலவும், கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

எங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்தது. "வந்தியா மக்கா? ஸ்தோத்திரம்."

"எப்படி இருக்கிய மாமா?"

"கர்த்தருக்க கிருபையில சுகம். இங்க இரி. ஒரு ஜெபம் பண்ணு."

பெமிலா பழக்கத்தில் தலை குனிந்தாள். கண்ணை மூடப்போனவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இல்ல மாமா. ஜெபம் பொறவு பண்ணுலாம். மொதல்ல ஒண்ணு கேக்கணும். செத்துப் போயிரணும்னு தோணுதா?"

ஐயோ, இப்படியா பட்டென்று கேட்பாள்! அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. இப்படிக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று அவள் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். 

அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"தோணுது மக்கா" என்றார். "கொஞ்ச நாளாட்டு தோணுது."

"நேத்து நான் கேட்டப்பம் ஏன் மாமா சொல்லல்ல?"

"நீ அவ்வளவு நல்லா ஜெபம் பண்ணினியே. அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்ன வாயால எப்படி மக்கா சொல்லுவேன், எனக்கு வாழ வேண்டாம்னு? விசுவாசம் இல்லாதவன்னு நீ நெனைக்க மாட்டியா? உபதேசியாருக்க மகளில்லா நீ."

பெமிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் மாமா ஒங்க வாயை அடைச்சிட்டேன்" என்றாள். அவளுக்கு இந்த வேலையில் அழக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். அது கிடக்கட்டும்.

அங்கிருந்தே ஆராய்ச்சி டாக்டரைக் கூப்பிட்டாள். தனியாக விடாதே, இப்போதே கூட்டிக்கொண்டு வா என்றார். நான் ஆட்டோ பிடித்தேன். தேவகுமார் ஏறத் தயங்கினார்.

"பைத்தியத்துக்குக் காட்டப் போறேன்னு ஊரு சொல்லும்."

"சொல்லட்டும் மாமா. ஊருக்கு வேற என்ன சோலி இருக்கு? ஏறுங்க" என்றேன். "ஒங்க கோழி எங்க வீட்டுல முட்ட இட்டிருக்கு. நீங்கதான் வந்து கொண்டு போணும். எனக்கு அதுக்க சத்தம் தாங்க முடியல்ல."

"கறுத்ததா?" என்று கேட்டார். பிறகு ஏறினார்.

நாகர்கோவில் போய்ச் சேரும் வரை பெமிலா அவர் கையை விடவில்லை. நான் முன்னால் டிரைவரோடு உட்கார்ந்து கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். டாக்டர் இளவயதுக்காரர். நாற்காலியைக் காட்டி, "ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஸ்தோத்திரம் டாக்டர், கர்த்தருக்க கிருபையில…" என்று ஆரம்பித்தார் தேவகுமார்.  அவர் பாதியில் நிறுத்திவிட்டுப் பெமிலாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்ல டாக்டர்" என்றார்.