உறை – இரண்டாயிரம்

திங்கட்கிழமை காலை, தொழிலாளர் குடியிருப்பின் குளியலறைச் சுவரில் ஆடிக்கொண்டிருந்த பெட்டியின் திருகாணிகளை முறுக்கினேன். அம்மா அதில் ஆணுறைகளை நிரப்பினாள். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

"நல்லாப் பாத்துக்கோடா. இது கைக்கு மாட்டுறது இல்ல."

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா சொல்லிக் காட்டுவ?"

"நீ ரிடையர் ஆகுற வரைக்கும்."

செவ்வாய் மதியம் மாரடைப்பில் அம்மா போய்விட்டாள். அறுபது வயதுகூட ஆகவில்லை.

நெடுஞ்சாலைத் திட்டத்தில் நான் பொறியாளர். அம்மா சுகாதாரப் பணியாளர். கூடாரம் கூடாரமாகப் போய் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவாள். கூச்சப்படுகிறவர்களிடம், "ஹெல்மெட் கேக்க வெக்கப்பட்டியா?" என்பாள். பாதுகாப்புப் பொருள் பட்டியலில் கையுறைக்குக் கீழே ஆணுறையையும் சேர்க்கவைத்தது அவள்தான்.

நான்கு மாதங்களுக்கு முன் அந்தப் பட்டியலை அனுப்பியது நான். கட்டத்தில் இடம் போதவில்லை. "உறை – 2000" என்று சுருக்கினேன். இரண்டாயிரம் கையுறைகள் வந்து இறங்கின. மாற்றி வரவழைக்க ஆறு வாரம். அதுவரை சுவர்ப்பெட்டி காலி.

அந்த ஆறு வாரத்தில் ரோலர் ஓட்டுநர் ஒருவன் பயந்துபோய் அம்மாவிடம் வந்தான். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி. வருகிற வெள்ளிக்கிழமை அவன் ஊருக்கு, மனைவியிடம் போகிறான். முடிவு தெரியாமல் வண்டி ஏறக் கூடாது என்று அம்மா வாக்கு வாங்கியிருந்தாள்.

யாரென்று கேட்டேன்.

"உன் வேலை ரோடு போடுறது. அவன் பேரு உனக்கெதுக்கு?"

இன்று, புதன் காலை, அவள் பையில் டைரி கிடைத்தது. 'வியாழன் பத்து மணி. ரோலர் தம்பியைக் கூட்டிட்டுப் போகணும். தனியாப் போக மாட்டான்.'

எங்களிடம் ரோலர் ஓட்டுநர்கள் ஐந்து பேர். ஐவருமே அவளுக்கு ரோலர் தம்பிதான். வேலை முடிந்து ஐவரும் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார்கள். தனித்தனியாக விசாரித்தால் ஐந்து பேர்மீதும் சந்தேகம் விழும்.

அடக்கத்துக்கு ஐவரும் வந்தார்கள். ஐவரும் அழுதார்கள்.

"நாளைக்கு ஒம்பதரைக்கு ஜீப்போட கேட்ல நிப்பேன். ஆஸ்பத்திரிப் பக்கம் யாராவது வரணும்னா ஏறிக்கலாம். எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்றேன்.

இரவு டைரியை மறுபடி திறந்தேன்.

முடிந்த வேலையை அம்மா டைரியில் ஒரே கோடாக அடித்துவிடுவாள். வியாழனில் இன்னும் கோடு இல்லை.